நாரி நோவா? கதிரையையும் பாருங்கள்

நாரி நோ, கழுத்து நோ என்று என்னிடம் வரும் எமது பெண்களிடம் நான் தவறாமல் கேட்பது: வேலையில் கதிரையில் இருக்கும்போது உங்கள் பாதம் முழுவதும் நிலத்தில் படுகிறதா? பலர் இல்லை என்பார்கள். "நான் கட்டை டொக்டர், என்ன செய்யிறது" என்று சிரிப்பார்கள். நான் இதை ஏற்பதில்லை. குறை உடம்பில் இல்லை, கதிரையில்.

சராசரி மனிதர் என்று ஒருவர் கிடையாது. 1950இல் அமெரிக்க விமானப்படையில் 4,063 விமானிகளின் உடலளவுகளை எடுத்தார்கள். கில்பர்ட் டானியல்ஸ் என்ற ஆய்வாளர் முக்கியமான 10 அளவுகளை ஒப்பிட்டார். பத்திலும் சராசரிக்குக் கிட்ட இருந்தவர் ஒருவர்கூட இல்லை. பார்த்துப் பொறுக்கிய ஆண்களிலேயே இப்படி என்றால், ஆறடி ஆணும் ஐந்தடிப் பெண்ணும் வேலை செய்யும் கந்தோரில் எப்படி?

நிலத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரையான உயரம் கட்டையான பெண்களுக்கு 36 ச.மீ. அளவில் இருக்கும், நெடிய ஆண்களுக்கு 49 வரை போகும். பல கந்தோர்க் கதிரைகளோ 40க்குக் கீழே இறங்குவதில்லை. கால் தொங்கினால் கதிரையின் விளிம்பு தொடையை அழுத்தும். அதைத் தவிர்க்க நாம் முன்னுக்குச் சரிகிறோம். முதுகு சாய்மானத்தை விட்டு விலகுகிறது, நாரி வளைகிறது. கதிரையை இறக்கினால் சரியாகுமா? அதுவும் இல்லை. மேசை உயர்ந்துவிடும், தோள் தூக்கும், கழுத்து நோகும். ஆகவே முதலில் முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி கதிரையை உயர்த்துங்கள். பிறகு காலுக்குக் கீழே பலகை வையுங்கள். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளியும் வேண்டும்.

பிரித்தானியாவில் கணினித் திரைமுன் வேலை செய்வோருக்காக 1992ஆம் ஆண்டின் சட்டவிதிகள் இருக்கின்றன. இருக்கையின் உயரமும், சாய்மானத்தின் உயரமும் சாய்வும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கால்பலகை விரும்பிக் கேட்பவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். வைத்தியரின் கடிதம் தேவையில்லை. வழமையாக வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

எம்மவர்கள் கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள். வேலை போய்விடுமோ, குறை சொல்பவள் என்று பெயர் வருமோ என்ற பயம். மாத்திரைக்கு என்னிடம் மூன்று தரம் வருபவர், மனேஜருக்கு மூன்று வரி எழுதத் தயங்குகிறார்! விலை கூடிய "எர்கோனொமிக்" கதிரை வாங்கித் தரும்படி கேட்கச் சொல்லவில்லை. அந்தப் பெயர் ஒட்டியிருப்பதால் மட்டும் அது உங்கள் அளவுக்குப் பொருந்திவிடாது. ஒரு பலகைதான். அது வந்து சேரும்வரை கந்தோரில் இருக்கும் ஏ4 தாள் கட்டுகள் இரண்டை அடுக்கி, அதன்மேல் காலை வையுங்கள்.