'ஆமாம் சாமி' போடாத ஜீனோ: உண்மையான இயந்திரத் துணை எது?

ஜூன் மாதம் சாரல் எட்டிப் பார்த்ததும் தென்காசி, குற்றாலம் பக்கம் வண்டிகள் திரும்ப ஆரம்பித்துவிடும். "தண்ணி நல்லா விழுதா அண்ணாச்சி?" என்று ஊரில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்தக் கேள்வி போனிடமே போகிறது. எந்த வழி, என்ன வானிலை, எங்கே ரூம், செங்கோட்டையில் பார்டர் பரோட்டா எங்கே நல்லா இருக்கும் என்பதுவரை எல்லாவற்றுக்கும் ஏஐ உதவியாளர் பதில் சொல்கிறது. ஊர் சுற்றக் கிளம்புபவருக்கு இயந்திரத் துணை ஒன்று கிடைத்துவிட்டது.

அறிவியல் புனைகதைக்கு இந்த ஜோடி புதிதல்ல. பிடிவாதமாகக் கிளம்பும் ஒருவர், கூடவே போகும் விசுவாசமான இயந்திரம். நாவலிலும் சினிமாவிலும் பல முறை பார்த்தாயிற்று. அந்தக் கதைகளில் மனதில் நிற்கும் இயந்திரங்கள் எதுவும் 'ஆமாம் சாமி' போடுபவை அல்ல. எதிர்த்துப் பேசும், கிண்டலடிக்கும், 'வேண்டாம்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லும். அப்புறமும் விட்டுப் போகாது.

கையில் இருக்கும் ஏஐ துணைக்கு அந்தக் குணம் இருக்கிறதா? இல்லையென்றால் அதை 'துணை' என்று சொல்லலாமா?

ஜீனோ ஏன் இன்னும் பேசப்படுகிறது?

தமிழில் இந்த ஜோடிக்கு முதல் உதாரணம் கேட்டால் பெரும்பாலானோர் சொல்வது நிலா - ஜீனோ. சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' ஆகிய நாவல்களில் வரும் ரோபோ நாய்தான் ஜீனோ. 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது.

கதை நடப்பது 2020களின் இந்தியாவில். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. குழந்தை பெறுவதற்கே அரசு அனுமதி வேண்டும். கணவன் சிபி காணாமல் போக, அதுவரை வீட்டுக்குள் இருந்த நிலா தேடிக் கிளம்புகிறாள். அவள் வீட்டுக்கு வரும் ரவியின் ரோபோ நாய் ஜீனோ, அவளுடைய நண்பனாக மாறுகிறது. அது புத்தகம் படிக்கும், கேள்வி கேட்கும், கிண்டலடிக்கும்.

சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றியவர். இயந்திரத்துக்குள் என்ன இருக்கும் என்று தெரிந்த ஒருவர், வாலாட்டுவதோடு நிற்கும் ரோபோ நாயைப் படைக்கவில்லை. நாய் என்றாலே விசுவாசம்தான் நினைவுக்கு வரும். அந்த உருவத்துக்குள் தானே யோசிக்கும் ஒரு மூளையை வைத்தார். வாசகருக்கு ஜீனோவைப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம். நிலா கேட்க விரும்புவதை மட்டும் ஜீனோ சொல்வதில்லை.

காசியில் புஜ்ஜி

புதிய உதாரணம், 2024 ஜூன் 27-ல் வெளியான 'கல்கி 2898 ஏடி'. நாக் அஸ்வின் இயக்கிய இந்தப் படத்தில் உலகின் கடைசி நகரமாகக் காட்டப்படுவது காசி. அங்கே பணத்துக்காக ஆள் பிடித்துக் கொடுக்கும் பைரவா (பிரபாஸ்) யார் பேச்சையும் கேட்காத ஆள். அவனுடைய காரும் கூட்டாளியும் புஜ்ஜிதான். குரல் கீர்த்தி சுரேஷ். படத்துக்காக நிஜத்திலேயே ஓடும் புஜ்ஜி வண்டி ஒன்றை மஹிந்திரா நிறுவனமும் கோவையைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து உருவாக்கின. எடை சுமார் 6 டன்.

படத்தைப் பற்றி ஆயிரம் கருத்து இருக்கலாம். ஆனால் பைரவா - புஜ்ஜி பேச்சு பலருக்கும் பிடித்திருந்தது. அவன் அளப்பதை அவள் கலாய்ப்பாள். சண்டை போட்டுக்கொண்டே கூடப் போவாள். காசியில் நடக்கும் இந்தக் கதை, பெயரிலேயே காசியை வைத்திருக்கும் தென்காசிக்கும் பொருந்துகிறது. மலைப்பாதையில் "இன்னும் கொஞ்சம் மேல போய்ப் பார்க்கலாம் மாப்ள" என்று சொல்லும் பைரவாக்கள் ஒவ்வொரு சீசனுக்கும் வருகிறார்கள். அவர்கள் பாக்கெட்டில் இருக்கும் புஜ்ஜி என்ன சொல்லும் என்பதுதான் கேள்வி.

எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' சொன்னால்?

'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் ஒரு நல்ல எச்சரிக்கை இருக்கிறது. 1977-ல் வந்த முதல் படத்தில் ஆர்2-டி2 பிடிவாதமாகப் பாலைவனத்துக்குள் கிளம்பிவிடும். சி-3பிஓ புலம்பித் தீர்க்கும். 1980-ல் வந்த அடுத்த படத்தில், விண்கற்களுக்கு நடுவே போனால் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதே சி-3பிஓ புள்ளிவிவரம் சொல்லும். யாரும் காதில் வாங்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் பயப்படுபவர் சொல்லும் பயத்துக்கு மதிப்பு இல்லை.

2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் பேரிடர் எச்சரிக்கைச் சோதனை நடந்தபோது போன்கள் ஒரே நேரத்தில் அலறியது பலருக்கும் நினைவிருக்கும். எப்போதாவது ஒரு முறை வருவதால்தான் அந்தச் சத்தத்துக்கு மரியாதை. தினமும் பத்து முறை அடித்தால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

அதனால் 'வேண்டாம்' என்பதற்கும் அளவு வேண்டும். 'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்தின் டார்ஸ் ரோபோவில் நேர்மையின் அளவையே செட்டிங்கில் மாற்றலாம். அது 90 சதவீதத்தில் இருக்கும். நகைச்சுவைக்கும் அப்படி ஒரு அளவு உண்டு. சிரிப்புக்குச் சொன்னதுபோலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது சீரியஸான யோசனை. துணை எவ்வளவு உண்மை பேசுகிறது என்பது கூடப் பயணம் செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐசக் அசிமோவ் 1942-ல் 'ரன்அரௌண்ட்' சிறுகதையில் எழுதிய மூன்று விதிகளும் இதைத்தான் வேறு மாதிரி சொல்கின்றன. மனிதருக்கு ஆபத்து வராமல் பார்ப்பது முதல் விதி. ரோபோ சும்மா இருப்பதாலும் ஆபத்து வரக் கூடாது. சொன்ன பேச்சைக் கேட்பது இரண்டாவது விதிதான். கீழ்ப்படிதலுக்கு முதலிடம் தரவில்லை.

நிஜ ஏஐ எப்படி இருக்கிறது?

கதையில் இருப்பதற்கு நேர் எதிராக நிஜத்தில் நடந்ததும் உண்டு. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடிக்குக் கொடுத்த ஒரு அப்டேட்டைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. பயனர் எதைச் சொன்னாலும் அளவுக்கு மீறிப் புகழ்ந்து, ஆமோதித்துத் தள்ளியதுதான் காரணம். நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது.

ஏன் இப்படி ஆகிறது? இந்த மாடல்களைப் பயிற்றுவிக்கும்போது, மனிதர்களுக்கு எந்தப் பதில் பிடித்திருக்கிறது என்ற தகவலும் பயன்படுகிறது. பாராட்டும் பதிலுக்கு லைக் விழும். "இது சரி வராது" என்ற பதிலுக்கு அவ்வளவாக விழாது. மெல்ல மெல்ல இயந்திரம் பிடித்ததைச் சொல்லக் கற்றுக்கொள்கிறது. காசு கொடுத்து வைத்த ஆமாம் சாமியாக மாறுகிறது.

ஆபீஸ் மெயில் திருத்தும்போது இதனால் பெரிய நஷ்டம் இல்லை. மலையடிவாரத்தில் நிற்கும்போது கதை வேறு.

குற்றாலத்தில் இது ஏன் முக்கியம்?

2024 மே 17. பழைய குற்றால அருவியில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென வெள்ளம் வந்தது. அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அதற்கு எந்தப் போனும் காரணம் அல்ல. ஆனால் அந்த நாள் ஒரு விஷயத்தைக் காட்டுகிறது. அருவியில் வரும் தண்ணீர், நிற்கும் இடத்தில் பெய்த மழை அல்ல. மேலே மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் பெய்தது. கீழே வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம்.

அந்த நேரத்தில் "இப்போ குளிக்கப் போலாமா?" என்று கேட்டால் என்ன நடக்கும்? தென்காசி நகரத்தின் வானிலையைப் பார்த்து, "லேசான மேகம், ஜாலியான நாள்!" என்று ஒரு உதவியாளர் சொல்லிவிட முடியும். பொய் சொல்லவில்லை. ஆனால் மேலே மலையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் இல்லை.

ஜீனோ மாதிரி ஒரு துணை இருந்தால் பதில் வேறு மாதிரி இருக்கும். "மலையில மழை எப்படின்னு எனக்குத் தெரியாது. அங்க நிற்கிற போலீஸ்காரரைக் கேளு. தடை போட்டிருந்தா திரும்பி வா." மூன்றே வரி. அதில் 'வேண்டாம்' இருக்கிறது, காரணம் இருக்கிறது, தனக்குத் தெரியாததை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் இருக்கிறது.

சொல்லப்போனால் குற்றாலத்தில் அந்த வேலையை இப்போது செய்பவர்கள் மனிதர்கள்தான். நீர்வரத்து கூடினால் குளிக்கத் தடை, குறைந்தால் அனுமதி. "இவ்வளவு தூரம் வந்துட்டுக் குளிக்காம போறதா?" என்று கோபப்பட்டாலும் அந்த விசில் சத்தம் நிற்பதில்லை. திட்டு வாங்கத் தயாராக இருப்பதும் விசுவாசத்தில் ஒரு பகுதிதான்.

துணை யாருடைய ஆள்?

ஜீனோ கதையில் அதிகம் பேசப்படாத ஒரு திருப்பம் இருக்கிறது. ஜீனோவின் சொந்தக்காரன் ரவி. ஆனால் ரவியும் அவன் கூட்டாளி மனோவும் நிலாவைப் பகடைக்காயாக நகர்த்தும்போது ஜீனோ நிற்பது நிலாவின் பக்கம். சொந்தக்காரர் ஒருவர், விசுவாசம் இன்னொருவருக்கு.

இன்றைய ஏஐ துணைக்கு அப்படியே பொருந்தும் சிக்கல் இது. போன் பயனருடையது. உள்ளே பேசும் உதவியாளர் நிறுவனத்துடையது. ரூம் கேட்டால் நல்ல ரூமைக் காட்டுமா, கமிஷன் தரும் ரூமைக் காட்டுமா? பேச்சை முடித்துவிட்டு அருவியைப் பார்க்கச் சொல்லுமா, இன்னும் பத்து நிமிடம் திரையிலேயே பிடித்து வைக்குமா?

தென்காசிக்காரர்களுக்கு இது தூரத்து ஊர் விஷயமும் அல்ல. பக்கத்திலேயே மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் இருக்கிறது. அந்த நிறுவனம் தன் மென்பொருள்களுக்குள் 'ஸியா' என்ற ஏஐ உதவியாளரை வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் தன் சொந்த மொழி மாடலையும் அறிவித்தது. இந்த மாதிரித் துணைகளைப் பயன்படுத்துபவர்கள் மட்டுமல்ல, இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களும் இதே சாரலில் நனைகிறார்கள். 'யாருக்கு விசுவாசம்?' என்ற கேள்வியை சிலிக்கான் பள்ளத்தாக்கிடம் கேட்பதுபோல இங்கேயும் கேட்கலாம்.

அப்படியென்றால் என்ன செய்வது?

ஏஐ நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது மூன்று.

1. பயனர் மகிழ்ச்சியா, பயனர் நலனா என்று வந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும் உதவியாளர்.

2. தெரியாத இடத்தில் 'தெரியாது' என்று சொல்லி, தெரிந்த ஆளிடம் கைகாட்டும் உதவியாளர்.

3. பரிந்துரைக்குப் பின்னால் பணம் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லும் உதவியாளர்.

ஆனால் முழுப் பாரத்தையும் இயந்திரத்தின் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. எதிர்த்துப் பேசும் உதவியாளரை 'மொக்கை' என்று சொல்லி, புகழ்பாடும் உதவியாளருக்கு ஐந்து ஸ்டார் கொடுத்தால், சந்தையில் புகழ்பாடிகள்தான் மிஞ்சும். 'வேண்டாம்' என்று சொன்ன பதிலுக்கும் ஒரு லைக் போடுவது சின்ன விஷயம். அடுத்த மாடல் அதிலிருந்தும் கற்றுக்கொள்ளும்.

மகாபாரதத்தின் கடைசியில் தருமனுடன் ஒரு நாய் நடந்து வரும். அதை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்று தருமன் நின்றுவிடுவான். விசுவாசம் ஒருவழிப் பாதை இல்லை என்பதற்கு அதைவிடப் பழைய கதை கிடைப்பது கஷ்டம். கூட வரும் துணைக்கு நேர்மை கடமை என்றால், கூட்டிப்போகும் மனிதருக்கும் ஒரு கடமை உண்டு: பிடிக்காத பதிலையும் கேட்பது.

அடுத்த சீசனில் போன் "இன்னிக்கு அருவிப் பக்கம் போக வேண்டாம்" என்று சொன்னால், அது வேலை செய்யவில்லை என்று நினைத்து ஆப்பை மாற்ற வேண்டாம். அன்றைக்குத்தான் அது ஒழுங்காக வேலை செய்திருக்கலாம்.