கைப்பேசியில் ஒரு கேணி



தியாகதுருகம் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வாழும் ஓர் எளிய குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. தந்தை வியாபாரத்திற்குப் புறப்படும்போது அதுவும் அவருடன் புறப்பட்டுவிடும். மாலையில் வீடு திரும்பியதும் மகன் கைக்குப் போகும். மகளின் முறை வருவதற்குள் உறங்கும் நேரம் வந்துவிடும். நம்மில் பலருடைய இல்லத்தின் கதையும் இதுவே அல்லவா?

இதனால் விளையும் இழப்பை 2020 மார்ச்சில் கொரோனா பரவலால் பள்ளிகள் மூடப்பட்டபோது கண்கூடாகக் கண்டோம். பாடங்கள் கைப்பேசி வழியே வந்தன. கைப்பேசி கிட்டாத பிள்ளைக்குப் பாடமும் கிட்டவில்லை. கல்வராயன் மலை போன்ற பகுதிகளில் கருவி இருந்தும் சிக்னல் எட்டாத ஊர்கள் உண்டு. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியே அந்நாளில் பல வீடுகளுக்கு வகுப்பறையாக அமைந்தது.

பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் இக்கருவிகளின் தேவை தீர்ந்துவிடவில்லை. 2018 முதல் வெளிவந்த தமிழ்நாடு அரசுப் பாடநூல்களைப் புரட்டினால், கறுப்பு வெள்ளைச் சதுரமாகக் க்யூ.ஆர். குறியீடு அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். ‘தீக்ஷா’ செயலியைத் திறந்து அதன்மீது கேமராவைக் காட்டினால் அப்பாடத்திற்குரிய விளக்கம் திரையில் தோன்றும். கேமரா சரிவர இயங்காவிடில், அதனுடன் அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டச்சு செய்தாலும் போதும். சிக்னல் நன்கு கிடைக்கும் இடத்தில் பாடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணையமின்றியே பார்க்கலாம்.

2023இல் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட ‘மணற்கேணி’ செயலியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் காணொளிப் பாடங்களைக் கட்டணமின்றி வழங்குகிறது. மணலைத் தோண்டத் தோண்ட நீர் ஊறுவது போல, கற்கக் கற்க அறிவு ஊறும் என்ற வள்ளுவரின் கருத்திலிருந்து பிறந்த பெயர் அது. பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கேணியை வேடிக்கை பார்ப்பவனுக்குத் தாகம் தீராது, தோண்டுபவனுக்கே நீர்.

நல்லாசிரியர் இதை அறிவார். இதயம் இரத்தத்தைச் செலுத்தும் காட்சியைத் திரையில் ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, “இனி இரத்தம் எங்கே செல்லும்?” என்று வினவுவார். விடை சொல்ல மாணவர் சிந்திக்கும் அந்தச் சில நொடிகளில்தான் கல்வி நிகழ்கிறது. கேள்வியின்றி ஓடும் காணொளி வெறும் பொழுதுபோக்கே.

தாய்மார்களே! இப்பணியை நீங்களும் செய்யலாம். அதற்குப் படிப்பறிவு தடையன்று. “இன்று பார்த்ததை எனக்குச் சொல்லிக்கொடு” என்று பிள்ளையிடம் கேளுங்கள். தடுமாறும் இடம் எதுவோ, அதையே மறுமுறை பார்க்கச் செய்யுங்கள். விளையாட்டின் பக்கமும் வீண் காட்சிகளின் பக்கமும் விரல் நழுவாதிருக்க, கருவி உங்கள் கண்முன்னே இருக்கட்டும்.

தந்தையரே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட வேளையில் கைப்பேசியைப் பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்குங்கள். மகனுக்கு எத்தனை நிமிடமோ, மகளுக்கும் அத்தனை நிமிடம். ஒருநாள் அவன் முதலில் எனில், மறுநாள் அவள் முதலில்.

வீட்டுக்குள்ளேயே கேணி இருக்க, நம் மகள் தாகத்தோடு உறங்கச் செல்லலாமா?