திரும்பி வந்த மாற்கு

தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்று நம் பள்ளிச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறோம். ஆண்டு விழா மேடைகளில் நாமே அதை முழங்கியும் இருக்கிறோம். ஆனால் நம் பங்கிலிருந்து குருமடத்துக்குச் சென்ற இளைஞர் ஒருவர் ஆறாம் ஆண்டில் பெட்டியோடு வீடு திரும்பும்போது, அவரிடம் இந்தச் சொற்களைச் சொல்ல நம்மில் எவருக்கும் நா எழுவதில்லை. "சாமியாருக்குப் படிக்கப் போனவன் வந்துவிட்டானாம்" என்பதே அன்பியக் கூட்டம் முதல் தேநீர்க் கடை வரை பேச்சாகிறது.

அவரை அனுப்பிய நாளில் மாலை போட்டோம், பீடத்தின் முன் நிறுத்தி ஆசி வழங்கினோம், தாயையும் தந்தையையும் முன்வரிசையில் அமர்த்தினோம். திரும்பிய நாளில் அதே தாய் கோயிலின் பின்வாசல் வழியே வந்து, திருவிருந்து முடிந்ததும் எவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார். கன்னியர் மடத்திலிருந்து திரும்பும் இளம்பெண்ணின் நிலை இதனினும் கொடிது. அவளுக்கு மணம் பேச வருவோர் முதலில் கேட்பதே, "ஏன் அனுப்பிவிட்டார்கள்?" என்பதுதான். அவள் தானாக வந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் ஒருவருக்கும் எழுவதில்லை.

திருத்தூதர் பணிகள் நூலைத் திறந்து பார்ப்போம். ஏறத்தாழ கி.பி. 46இல் பவுலும் பர்னபாவும் மேற்கொண்ட முதல் நற்செய்திப் பயணத்தில் யோவான் மாற்கு உடன் சென்றார். சைப்பிரசைக் கடந்து பம்பிலியா நாட்டுப் பெருகையில் கரையிறங்கியதும் அவர் எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அச்சமா, நோயா, வீட்டு நினைவா, லூக்கா சொல்லவில்லை. இரண்டாம் பயணத்துக்கு அவரையும் அழைத்துச் செல்லலாம் என்றார் பர்னபா. பவுல் மறுத்தார். வாக்குவாதம் முற்றி, அவ்விரு பெரியோரும் பிரிந்தே போயினர். பவுல் சீலாவுடன் ஒரு வழி செல்ல, பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பலேறினார்.

பர்னபாவுக்கு மாற்கு உறவினர். ஆகவே அவருக்குப் பரிந்து பேசினார் என்பர் சிலர். இருக்கட்டும். ஆனால் அதே பர்னபாதான் முன்பு, எருசலேமில் சீடர்கள் எல்லாரும் பவுலைக் கண்டு அஞ்சி ஒதுங்கியபோது, அவரைக் கைப்பிடித்துத் திருத்தூதர்களிடம் அழைத்துச் சென்றவர். பவுல் அவருக்கு உறவினர் அல்லரே! பிற்காலத்தில் பிலமோனுக்கு எழுதிய மடலில் பவுலே மாற்குவைத் தம் உடன் உழைப்பாளர் வரிசையில் வைக்கிறார். இரண்டாம் நற்செய்தியை எழுதியவர் இவரே என்பது மரபு. இடைப்பட்ட ஆண்டுகளில் நிகழ்ந்தது என்ன? நூல் விரித்துரைக்கவில்லை. நாம் அறிந்ததெல்லாம், ஒருவர் அவரைத் தம்மோடு கப்பலில் ஏற்றிக்கொண்டார் என்பதே. தோல்வி தானாக எவருக்கும் பாடம் புகட்டுவதில்லை. தனியே விடப்பட்டவருக்கு அது வடுவாக மட்டுமே எஞ்சுகிறது.

"அப்படியானால் குருமடத்தில் ஒழுங்கு வேண்டாமா? கலப்பையில் கைவைத்தபின் திரும்பிப் பார்க்கலாமா?" என்று கேட்போர் உண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவர்தாம். திரும்புகிறவர் எல்லாரும் குற்றமற்றவர் என்று நாம் வாதிடவில்லை. பவுல் காட்டிய கண்டிப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் மெய்யியலுக்கும் இறையியலுக்குமாகக் குறைந்தது 6 ஆண்டுகளைத் திருச்சபைச் சட்டம் கேட்பது எதற்காக? ஆய்ந்து தெளிவதற்காக அன்றோ! ஆய்வு என்றால் "இல்லை" என்ற விடைக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். குருத்துவப் பயிற்சி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு, இவ்வழைத்தலுக்குப் பொருந்தாதவரைத் தந்தைக்குரிய பரிவோடு வேறு பணிகளுக்கு ஆற்றுப்படுத்தவும், பொதுநிலையினரின் திருத்தூதுப் பணியில் ஆர்வத்தோடு ஈடுபட அவருக்கு உதவவும் பணிக்கிறது. நம் நடைமுறையிலோ, பல வேளைகளில் ஒரு கடிதமும் பேருந்துச் செலவுமே அந்தத் தந்தைப் பரிவு!

இன்னும் ஒன்று உண்டு. அது நம் போன்ற குருக்களையே சுடும். திரும்பி வந்தவரிடம் நாம் எதையும் கேட்பதில்லை. எங்கே தடுமாறினார், யாரிடம் சொல்ல முயன்றார், யார் செவிகொடுக்கவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவு அவரோடே புதைகிறது. அடுத்த ஆண்டு அதே வாசலில் மற்றொரு சிறுவனை மாலையிட்டு அனுப்புகிறோம். பாலம் இடிந்தால் பொறியாளர்கள் ஒவ்வொரு தூணையும் சோதிக்கின்றனர். நாமோ இடிந்த பாலத்தின் மேல் துணி போர்த்திவிட்டுச் செபமாலை சொல்லுகிறோம்.

நம் பங்கிலும் அப்படி ஓர் இளைஞர் இருக்கிறார். இறையியல் இரண்டாம் ஆண்டில் திரும்பியவர். இப்போது இரும்புக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறார். வந்த புதிதில் ஒருநாள் மாலை நம்மைக் காண வந்தார். நாம் அவருக்குத் தேநீர் கொடுத்து, வேலை ஏதேனும் பார்த்துத் தருவதாகச் சொல்லி, கால் மணி நேரத்தில் அனுப்பி வைத்தோம். அவர் வேலை கேட்டு வரவில்லை என்பது நமக்கு விளங்க இரண்டு ஆண்டுகள் ஆயின. சென்ற மாதம் அவரைத் தேடி நாமே அவர் வீட்டுக்குச் சென்றோம். இரவு பதினொன்று வரை பேசினார்.

வரும் இறையழைத்தல் ஞாயிறன்று அவரைத் திருப்பலியின் முடிவில் பேச அழைக்கலாம் என்று பங்குப் பேரவையில் முன்மொழிந்தோம். "நல்ல நாளில் அது எதற்குச் சாமி?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அடுத்த கூட்டத்திலும் நாம் அதையே முன்மொழிவோம்.