நகம்தானே என்று விட்டுவிடலாமா?

காயத்துக்குக் கட்டுப்போடும் பேண்டேஜ் துணியை ஊர் ஊராக அனுப்புகிற சத்திரப்பட்டி எங்கள் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால், நம் விரல் நுனியில் வருகிற வியாதியை மட்டும் நாம் வியாதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. நகச்சொத்தையைத்தான் சொல்கிறேன்.

நகம் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ நிறம் மாறும். தடித்துப் போகும். நுனியில் மாவு மாதிரி உதிரும். சதையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். வலி அதிகம் இருக்காது. அதனால், "நகம்தானே மதினி, அதுபாட்டுக்கு வளர்ந்து சரியாயிரும். இதுக்குப் போயி டாக்டரா?" என்று விட்டுவிடுகிறோம். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்கப் போகும்போது, அதன்மேல் நெயில் பாலீஷோ மருதாணியோ போட்டு மறைத்துக்கொள்கிறோம். மருதாணி நகத்தைச் சிவக்க வைக்கும், அவ்வளவுதான். நகத்துக்கு அடியில் இருக்கிற பூஞ்சையை அது எட்டிப் பிடிக்காது. நிறம் மாறினது தெரியாமல் போவதுதான் மிச்சம்.

கை விரல் நகத்துக்கு முதல் எதிரி ஈரம். பால்கோவா போடுகிற இடங்களில் பால் கேனும் சட்டியும் கழுவுகிறவர்கள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், வீட்டோடு இருக்கிற நாம் என்று எல்லோருக்கும் நாள் பூராவும் கை தண்ணீரில்தான். ஊறி ஊறி நகக்கண் திறந்துகொள்ளும். சோப்புத் தண்ணீரும் கிருமியும் உள்ளே போகும். ஓரம் சிவந்து வீங்கும். உடனே எலுமிச்சம்பழத்தை விரலில் செருகிக்கொள்கிறோம். புண்ணாக இருக்கிற தோலில் அந்தப் புளிப்பு எரிச்சலைத்தான் கூட்டும். சீழ் கோத்தால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

கால் நகம் பெரும்பாலும் சேற்றுப்புண்ணில் ஆரம்பிக்கிறது. விரல் இடுக்கில் வந்த பூஞ்சையைக் கவனிக்காமல் விட்டால், அதுவே நகத்துக்கு ஏறும். ஒருவருக்கு இருந்தால் பாத்ரூம் தரை, துண்டு, நகவெட்டி மூலம் வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். ஆகவே அவருடைய காலையும் பார்க்காமல், நம் காலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பிரயோசனம் இல்லை.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிற காலம் இது. சர்க்கரை முற்றியவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துபோகும். தடித்த நகம் சதையில் குத்திப் புண்ணானாலும் தெரியாது. அந்தச் சின்னப் புண் பெரிதாகி, விரலையே எடுக்கும்படி ஆகிவிடலாம்.

இன்னொரு விஷயம். மெடிக்கல் ஷாப்பில் போய், "படர்தாமரைக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடுகிறோமே, அந்தக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. போட்டவுடன் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ உள்ளுக்குள் பரவும். இதனால்தான் 2018-ல் பல ஸ்டீராய்டு களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. டெர்பினாஃபின் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு, 2020-ல் 'டிரைக்கோபைட்டன் இன்டோட்டினியே' என்று நம் நாட்டுப் பெயரைச் சேர்த்தே பெயர் வைத்துவிட்டார்கள். நமக்குப் பெருமையா இது?

சொத்தையாகத் தெரிகிற எல்லா நகமும் பூஞ்சை இல்லை. சோரியாசிஸ் வந்தாலும், அடிபட்டாலும்கூட நகம் இப்படித்தான் ஆகும். அதனால் நகத்தைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். பூஞ்சைதான் என்றால், டெர்பினாஃபின் மாத்திரையை வழக்கமாகக் கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம் தருகிறார்கள். ஈரல் பரிசோதனை செய்துகொண்டு சாப்பிட வேண்டிய மாத்திரை இது. கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்தாலோ, வேறு மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொஞ்சமாகப் பிடித்திருந்தால் நகத்தில் பூசுகிற மருந்தே போதும் என்றும் சொல்வார்கள்.

மாத்திரை முடிந்ததும் நகம் பளிச்சென்று ஆகிவிடாது. புது நகம் அடியிலிருந்து வளர்ந்து வர வேண்டும். கை நகத்துக்கு 6 மாதம், கால் நகத்துக்கு 12 முதல் 18 மாதம் ஆகும். "ஒண்ணும் கேக்கலை" என்று பாதியில் நிறுத்துகிறவர்களுக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

வராமல் தடுக்கப் பெரிய செலவு இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை போடலாம். வேலை முடிந்ததும் கையையும் கால் விரல் இடுக்கையும் ஒற்றித் துடைக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டாமல் நேராக வெட்டலாம். நகவெட்டியை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். ஈரச் செருப்பை வெயிலில் காயவைக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். அந்தச் சட்டியைக் கழுவுகிற கைகளுக்கு முதலாளிகள் கையுறை வாங்கித் தர வேண்டாமா? 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறவர்களிடம், நம் கால் விரல்களையும் ஒருமுறை காட்டினால் என்ன? விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. காட்ட இடமில்லை என்று இனிச் சொல்ல முடியாது.

வீட்டில் எல்லோருடைய காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் ஓடுகிற நாம், நம் விரல்களுக்காகவும் ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம் சகோதரிகளே. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

— ஒரு வாசகி, ராஜபாளையம்.