சராசரியை எல்லைக்கோடு ஆக்காதீர்கள்

தண்டுவடம் எங்கே முடிகிறது? வாய்மொழித் தேர்வில் இப்படிக் கேட்டால் மருத்துவ மாணவர் சட்டென்று சொல்வார்: முதல் இடுப்பு முள்ளெலும்பின் கீழ்விளிம்பில். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அது சராசரிதான். அதையே எல்லையாக நம்பி, 'அதற்குக் கீழே முதுகில் எங்கே ஊசி குத்தினாலும் பயமில்லை' என்று கைகள் பழகிவிடுவது ஆபத்தானது.

1998இல் சைஃபுதீன் குழுவினர் 504 பெரியவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்தார்கள். சராசரி, புத்தகம் சொல்வதுபோலவே வந்தது. ஆனால் சிலருக்குக் கடைசி மார்பு முள்ளெலும்பின் நடுவிலேயே தண்டுவடம் முடிந்திருந்தது. சிலருக்கு மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பின் மேற்பகுதி வரை இறங்கியிருந்தது. கருவின் மூன்றாம் மாதத்தில் தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் இருக்கிறது. பிறகு எலும்பு வேகமாக வளர, தண்டுவடம் பின்தங்குகிறது. அந்தப் பந்தயம் எல்லா உடம்பிலும் ஒரே இடத்தில் முடிய வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்?

ஊசி குத்தும் இடத்தைத் தேடி எலும்பை எண்ணும் விரலும் தவறுகிறது. நிறைமாத வயிற்றோடு குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வீங்கிய முதுகில், இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தடவி, நான்காம் இடுப்பு முள்ளெலும்பு இதுதான் என்று மயக்க மருந்து நிபுணர் கணிக்கிறார். 2000இல் வெளியான பிராட்பென்ட் குழுவின் ஆய்வில், விரலால் தடவிக் கணித்த இடைவெளி சரியாக இருந்தது 29 சதவீதம்தான். தவறியபோது, பெரும்பாலும் நினைத்ததைவிட மேலேதான் விரல் நின்றது.

இரண்டு பிழைகளும் சேர்ந்தால் என்ன ஆகும்? 2001இல் ஃபெலிசிட்டி ரெனால்ட்ஸ் முதுகு ஊசியால் தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஏழு பெண்களின் கதையைப் பதிவு செய்தார். அதில் ஆறு பேர் பிரசவத்துக்கு வந்தவர்கள். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே என்று நம்பித்தான் ஊசி போட்டிருக்கிறார்கள். குத்தும்போதே ஏழு பேருக்கும் வலித்தது. தண்டுவட நீரும் தடையின்றி வந்தது. அதனால் எல்லாம் சரி என்று தோன்றியிருக்கும். ஆறு பேருக்குப் பாதம் தொங்கிப்போனது. அவர்களின் தண்டுவடம் இயல்பான நீளம்தான் என்பது இன்னும் கலங்க வைக்கிறது. இயல்பானவர்களுக்கே இப்படியென்றால், தண்டுவடம் தாழ்ந்து முடிகிறவரின் கதி என்ன?

முதுகு ஊசி கூடாது என்று நான் சொல்லவில்லை. சிசேரியனுக்கு அதைப்போல் நல்ல வழி அரிது. ஆனால் மூன்றாம் இடுப்பு முள்ளெலும்புக்கு மேலே குத்தாதீர்கள். ஐயம் வந்தால் ஒரு இடைவெளி இறங்குங்கள், அல்லது அல்ட்ராசவுண்டில் எண்ணுங்கள். 'காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கு' என்று குத்தும்போது அந்தப் பெண் சொன்னால், 'அசையாம இரும்மா' என்று அதட்டாமல், மருந்தைச் செலுத்தாமல், ஊசியை உடனே வெளியே எடுங்கள்.