பராமரிப்பு வீட்டிற் புகை எதற்கு?

காலை ஏழரை மணிக்கு நம் ஒழுங்கைகளிற் காணும் காட்சி ஒன்றுண்டு. ஆசிரியை ஒருத்தியும் தாதி ஒருத்தியும் தத்தம் குழந்தையை அயலிலுள்ள வீடொன்றில் ஒப்படைத்துவிட்டுக் கடமைக்கு விரைகின்றனர். அதே ஒழுங்கையின் மறுகோடியில், பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, மூப்புற்ற தந்தையொருவர் மாதப் பணத்துக்குப் பிறர் வீட்டிற் பராமரிக்கப்படுகின்றார். பாட்டியும் பேரனும் மருமகளும் ஒரு கூரையின் கீழ் இருந்த காலத்திற் குடும்பம் செய்த பணியை, இன்று இவ்வீடுகள் கூலிக்குச் செய்கின்றன. இவற்றை நடத்துவோரிற் பலர் உழைத்துப் பிழைக்கும் பெண்கள். அவர்களைக் குறை கூறுவது எமது நோக்கமன்று.

ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. அத்தகைய வீட்டின் விறாந்தையில், குழந்தை தவழும் பாயிலிருந்து நான்கு முழத் தூரத்தில், வீட்டுக்காரர் சிகரெட்டைப் பற்றவைத்தால் அதனைத் தடுக்க வல்லவர் யார்?

நாட்டின் சட்டம் இவ்விடயத்தில் உறங்கிக் கிடக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை 2003 ஆம் ஆண்டிலேயே ஏற்றுறுதி செய்தது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை நிறுவியது. மூடிய பொது இடங்களிற் புகைத்தலைத் தடுத்தது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைக் குற்றமாக்கியது. மருத்துவமனையிலும் பாடசாலையிலும் அரச அலுவலகத்திலும் புகைப்பவனை இன்று எவரும் துணிந்து தட்டிக் கேட்கலாம். ஆனால் பராமரிப்பு நடைபெறும் இடம் ஒருவரின் குடியிருப்பு வீடாகவும் இருக்குமாயின் வழக்கு வேறுவிதமாகின்றது. “இஃது என் வீடு, நீ யார் கேட்க?” என்ற ஒரு சொல்லில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வாயே அடைபட்டு விடுகின்றது. சட்டத்தின் கை வாயிற்படிவரை வந்து நின்றுவிடுகின்றது. புகையோ படி தாண்டித் தொட்டில்வரை செல்கின்றது.

பிறர் விடும் புகை தீங்கானது என்பது இன்று ஐயத்துக்குரிய செய்தியன்று. யப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா, தாம் புகைக்காத மனைவியர் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து, கணவர் புகைக்குமிடத்து மனைவியருக்கு நுரையீரற் புற்றுநோய் மிகுவதை 1981 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006 ஆம் ஆண்டு அறிக்கை, தீங்கற்ற புகையளவு என ஒன்று இல்லை என்று அறுதியிட்டது. யன்னலைத் திறப்பதும் வேறறையில் இருந்து புகைப்பதும் போதிய காப்பாகா என்றும் கூறியது. சிறு குழந்தை வளர்ந்தோரினும் விரைவாக மூச்சு விடுகின்றது. அதன் நுரையீரலோ இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஆகவே இழைப்பு, மார்புச் சளி, காதழற்சி ஆகியன அதனை எளிதிற் பற்றுகின்றன. முதியவரின் நிலையும் அன்னதே. தளர்ந்த இதயமும் இளைத்த நுரையீரலும் உடையவர், எழுந்து வெளியே செல்ல இயலாதவர், அடுத்தவர் ஊதும் புகையைக் கிடந்தபடியே உண்ண வேண்டியவராகின்றார். ஒட்சிசன் உருளை வைத்திருக்கும் நோயாளியின் அறையிலே தீக்குச்சி உரசுவது நோயை மட்டுமன்று, நெருப்பையும் அழைப்பதாகும்.

“குழந்தைகள் வீடு சென்ற பின்னர் புகைத்தால் என்ன?” என்று சிலர் கேட்பர். இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இருபதாண்டு அநுபவத்தால் விடை கண்டது. அங்கே பணியிடங்களிற் புகைத்தலைத் தடுக்கும் சட்டம் 1995 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, தனியார் வீடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எனினும், உரிமம் பெற்றுக் குழந்தைகளைப் பராமரிக்கும் வீடுகளில், பராமரிப்பு நேரத்தில் மாத்திரம் புகைத்தல் தடுக்கப்பட்டது. மாலையிற் புகைத்தவரின் நஞ்சு மறுநாட் காலையிலும் திரைச்சீலையிலும் மெத்தையிலும் தரையிலும் படிந்திருக்கும். தவழும் குழந்தை அத்தரையைத் தொட்ட கையையே வாயில் வைக்கும். இவ்வுண்மை வலுப்பெற்றபின், 2014 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. 2015 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம் அவ்வீடுகளில் எந்நேரமும் புகைத்தல் ஆகாது என்றாயிற்று. இதனினும் கடுமையான விதியைத் தத்தம் எல்லைக்குள் ஆக்கிக்கொள்ள நகர சபைகளுக்கும் மாவட்ட சபைகளுக்கும் இடமளிக்கப்பட்டமை நாம் சிறப்பாகக் கவனிக்கற்பாலது.

வீட்டுரிமை பெரிது என்பதை நாமும் ஒப்புகின்றோம். தன் வீட்டிலே தன் உடலைத் தானே கெடுத்துக்கொள்ளும் ஒருவரைத் தேடி அதிகாரிகள் கதவு தட்ட வேண்டியதில்லை. ஆனால் பணம் பெற்றுப் பிறர் பிள்ளையை ஏற்கும் கணத்தில் அவ்வீடு தனி வீடாக மட்டும் இருக்கும் நிலை நீங்குகின்றது. தன் வீட்டு அடுக்களையிலே சமைத்து உணவு விற்பவர், “இஃது என் அடுப்பு” என்று கூறிச் சுத்த விதிகளை ஒதுக்கித் தள்ள முடியுமா? உணவுக்கு ஒரு நீதி, மூச்சுக்கு வேறொரு நீதியா?

இனி, கமக்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலை எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்தது; எத்தனையோ கல்வீடுகளை எழுப்பியது. இதை மறுப்பது நன்றி கொன்ற செயல். புகைத்தலுக்கு எதிராக எவர் வாய் திறந்தாலும் தம் தோட்டத்துக்கு ஆபத்து என்று கமக்காரர் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால் இங்கு கேட்கப்படுவது தோட்டத்தை அழிக்கும் விதியன்று. கடையை மூடும் விதியுமன்று. நம் கமக்காரர் இலையைப் புகைபோடத் தனிக் குடில் அமைத்தார். தென்னம் பொச்சின் புகை அக்குடிலினுள்ளே இருந்தது. குழந்தை வீட்டினுள்ளே உறங்கியது. இலைக்குரிய புகையையும் பிள்ளைக்குரிய காற்றையும் பிரித்து வைக்க அறிந்திருந்த அந்த மக்களுக்கு, இவ்விதியின் நியாயத்தை வேறொருவர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

அறுபதாண்டு சுருட்டுப் பிடித்த முதியவரிடமிருந்து அதனைப் பறிப்பது கொடுமை அன்றோ என்பது அடுத்த கேள்வி. அது நேர்மையான கேள்வி. எள்ளி நகைக்கத் தக்கதன்று. அவருக்கு முற்றத்து வேம்பின் கீழ், யன்னலுக்கும் வாயிலுக்கும் எட்ட, ஒரு வாங்கு போட்டுக் கொடுங்கள். நடக்க முடியாதவரைத் தாங்கி அழைத்துச் செல்லுங்கள். விட்டுவிட விரும்புவாராயின் வைத்தியரின் துணையை நாடுங்கள். அவர் சுருட்டின் இன்பத்தை அடுத்த கட்டிலில் இருமிக் கிடக்கும் மற்றொரு முதியவர் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதே எமது வாதம்.

இதனைக் கொழும்பு வந்து செய்து தருமென்று காத்திருக்க வேண்டுமா? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், உபவிதிகள் ஆக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்கு வழங்கியிருக்கின்றது. 2025 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி நாம் வாக்களித்துத் தெரிந்த உறுப்பினர்கள் அச்சபைகளில் அமர்ந்திருக்கின்றனர். வீதி விளக்கும் மதகும் அவர்தம் கடமையே. குழந்தையின் மூச்சும் அவர்தம் கடமையே.

விதி நீண்டதாயிருக்க வேண்டியதில்லை. பணம் பெற்றுக் குழந்தையையோ முதியவரையோ நோயாளியையோ பராமரிக்கும் வீடுகள் சபையிற் பதிவு செய்யப்படுக. அவ்வீட்டினுள் இரவு பகல் எந்நேரமும் எவரும் புகைத்தலாகாது என்க. புகைப்போருக்கு வெளியே, காற்றோட்டமுள்ள தூரத்தில் இடம் குறிக்கப்படுக. முதற் பிழைக்கு எச்சரிக்கையும், தொடர்ந்த பிழைக்குப் பதிவு நீக்கமும் போதும். ஏழைப் பெண்ணின் பிழைப்பைக் கெடுக்கும் பெருந் தண்டம் வேண்டாம். உரிய அங்கீகாரமும் வர்த்தமானிப் பிரசுரமும் பெற்று இதனை நிறைவேற்றச் சபைகளுக்குச் செலவு அதிகமில்லை, மனமே வேண்டும்.

அதுவரை பெற்றோர் வாளாவிருத்தலும் ஆகாது. பிள்ளையை ஒப்படைக்குமுன் மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கின்றோம்; பால் எத்தனை மணிக்கு என்று கேட்கின்றோம். “இந்த வீட்டில் யாரேனும் புகைப்பார்களா?” என்றும் கேட்போம். கேட்க வெட்கப்படுவோர், தம் குழந்தை பேச அறிந்திருந்தால் முதலில் எதைக் கேட்டிருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக.