குடிசை என்றால் கேவலமா?

போன வாரம் அறந்தாங்கிப் பக்கம் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு 81 வயது. அரசாங்கத் திட்டத்தில் கட்டிய புது கான்கிரீட் வீடு. ஆனால் மத்தியானத்தில் அக்கா அதற்குள் இல்லை. பின்னால் மாட்டுக்காகப் போட்ட கீற்றுக் கொட்டகையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். "உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்குதுடா தம்பி" என்றார்.

இடித்துப்போட்ட பழைய வீடு எனக்கு நன்றாகத் தெரியும். மண் சுவர், பனை வாரை, மூங்கில் வரிச்சு, மேலே வரகு வைக்கோல். குனிந்துதான் நுழைய வேண்டும். அது ஏழ்மையால் வந்த தாழ்வு இல்லை. தாழ்ந்த இறவாணம் மண் சுவரை வெயிலிலிருந்தும் சாரலிலிருந்தும் காத்தது. கூரை நல்ல சரிவாக இருந்ததால் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. வைக்கோலுக்குள் தங்கிய காற்று வெக்கையைத் தடுத்தது. இது கட்டடக்கலை இல்லையென்றால் வேறு எது?

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நார்மண்டி நாட்டுப்புறத்துக் கூரை வீட்டை 'ஷோமியேர்' என்று எங்கள் வாத்தியார் மரியாதையாகத்தான் சொல்லுவார். இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வே வளர்ந்த வீடும் கூரை வேய்ந்த பண்ணை வீடுதான். 1892ல் ஓர் அறக்கட்டளை அதை விலைக்கு வாங்கியது. 1969ல் தீப்பிடித்தது. பழுது பார்த்து மறுபடியும் கூரைதான் வேய்ந்தார்கள். அங்கே டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கிற வீட்டுக்கு, இங்கே பெயர் குடிசை!

அவ்வளவு தூரம் எதற்கு? மாமல்லபுரத்து திரௌபதி ரதத்தைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் பாறையில் செதுக்கி வைத்தது ஒரு கூரை வீட்டைத்தான்.

கும்பகோணத்தை மறந்துவிட்டாயா என்பீர்கள். மறக்கவில்லை. 2004 ஜூலை 16ல் 94 குழந்தைகள். ஆனால் அங்கே கூரையோடு சமையல் அடுப்பும் குறுகிய படிக்கட்டும் சேர்ந்தல்லவா பலி வாங்கின? 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துக் கூரைகளை வாரிக்கொண்டு போனதும் தெரியும். அடிக்கடி கூரை மாற்ற ஏழைக்குக் காசும் கிடையாது. ஆகவே கான்கிரீட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2030க்குள் 8 லட்சம் வீடு கட்டுவதாக 2024ல் அரசு அறிவித்தது, கட்டட்டும்.

ஆனால் ஒரு திண்ணை, வெயில் தாங்க ஒரு சாய்ப்பு, வெக்கை வெளியேற ஒரு வழி, இவை இல்லாமல் பெட்டி மாதிரி ஏன் கட்ட வேண்டும்? 'குடிசையில்லாத் தமிழ்நாடு' என்றால் குடிசையின் அறிவும் இல்லாத தமிழ்நாடா?

நானும் குற்றவாளிதான். ஆபீசில் எத்தனையோ படிவங்களில் 'குடிசை' என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பியவன். ஒரு நாளாவது உள்ளே போய்ப் பார்த்து எழுதினேனா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருக்கோகர்ணம் அருங்காட்சியக வளாகத்தில் ஒரே ஒரு வரகு வைக்கோல் வீடு கட்டி வையுங்கள். அக்கா வீட்டுக்கு வேய்ந்த பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வேயத் தெரிந்த மற்றவர்களாவது இருக்கும்போதே செய்யுங்கள்.